மேல்வீட்டுக்கு ஏறும் படி

மார்ச் 3, செவ்வாய்

மேல்வீட்டைப் பார்க்க இன்று ஒருவரைத் தரகர் கூட்டிவந்தார். வந்தவர் குளியலறைக் குழாயைத் திறந்தார், மூடினார், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார், "சொல்றேன்" என்றார். சொல்ல மாட்டார். இந்தச் "சொல்றேன்" எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

வீட்டை வாங்கி மூன்று மாதம். கீழ்வீட்டில் சுவரெல்லாம் ஈரம். குழாய்களை மொத்தமாக மாற்றாமல் அங்கே யாரையும் வைக்க முடியாது. மேல்வீட்டு வாடகை வந்தால் பேங்க் தவணையில் பாதி நிற்கும். மீதிக்கு என் சம்பளம். ஆஸ்பத்திரி லேபில் பகலெல்லாம் அடுத்தவர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன், சாயங்காலம் என் ரத்தத்தை இந்த வீடு எடுக்கிறது.

இவருக்கு பஸ் டிரைவர் வேலை இன்னும் ஒரு வருஷம்தான். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதற்குள் கீழ்வீட்டைச் சரிசெய்து நாங்கள் குடிபோய்விட வேண்டும், மேல்வீட்டு வாடகை பென்ஷனோடு சேர வேண்டும். இதுதான் திட்டம். இவர் திட்டமில்லை, என்னுடையது. இவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

எத்தனை மாத அட்வான்ஸ் கேட்பது? ஆணி அடிக்க விடலாமா? வாடகை தரவில்லையென்றால் என்ன செய்வது? எதை ரிப்பேர் செய்வது நம் பொறுப்பு, எது அவர்கள் பொறுப்பு? பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டு மண்டை குழம்பியதுதான் மிச்சம். லேபில் இருக்கும் சீனியர், "முகத்தைப் பாத்து வீடு விடாதே, சம்பளச் சீட்டைப் பாத்து விடு" என்கிறார். லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்ட அண்ணன், பதினோரு மாதத்துக்கு மேல் அக்ரிமென்ட் போட்டால் தொலைந்தாய் என்கிறான். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போவதில்லை.

கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த வாடகை வீட்டு ஓனர் கதவைத் தட்டாமலே உள்ளே வருவார். நான் அப்படி இருக்க மாட்டேன். இது ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும்.

மார்ச் 15, ஞாயிறு

ஆள் கிடைத்துவிட்டது!

புருஷன் பெண்டாட்டி இரண்டே பேர். அவர் பார்சல் வேன் ஓட்டுகிறார். அவள் வீட்டிலிருந்தே துணி தைத்துக் கொடுக்கிறாள், கடைகளுக்கும் சேர்த்து. நான் எழுதி வைத்திருந்த பதினான்கு கேள்விகளையும் கேட்டேன். அவள் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்க்கா?" மெஷினை எங்கே போடுவது என்று யோசித்திருக்கிறாள். அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன்.

இவர் திரும்பி வரும்போது சொன்னார், "நீ வீடு வாடகைக்கு விட்டியா, பொண்ணு பாத்தியா?" ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தோம்.

ஏப்ரல் 11, சனி

பக்கத்தில் ஒரு வேலையாகப் போனவள் சொல்லாமல் மேல்வீட்டுக்கு ஏறிவிட்டேன். கதவைத் தட்டத்தான் செய்தேன். ஆனால் அவள் திறந்தபோது முகத்தில் ஒரு கணம் — பயம். தரையெல்லாம் வெட்டிய துணி, அவசரமாகக் காலால் ஒதுக்கினாள். "இதோ கூட்டிடறேன்க்கா" என்றாள். என்னிடம் ஏன் அதைச் சொல்ல வேண்டும்? வீடு என்னுடையது, தரை அவளுடையது. இனிமேல் போன் செய்யாமல் போகக்கூடாது.

மே 20, புதன்

வேன்காரர் போன் செய்தார். வெளிப்படிக்கட்டின் இரும்புக் கைப்பிடி கீழ்ப்பக்கம் ஆடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றேன்.

மே 24, ஞாயிறு

வெல்டரோடு போனேன். ஒரு கம்பியின் அடியைச் சுத்தியால் லேசாகத் தட்டினார், துரு பொலபொலவென்று கொட்டியது. ஒட்டுப்போட்டால் நிற்காது, மொத்தமாகக் கழற்றிப் புதிதாகத்தான் போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை என் கையில் இல்லை.

கீழ்வீட்டுக் குழாய் வேலைக்கு முன்பணம் கொடுத்து நான்கு நாள்தான் ஆகிறது. அதைத் திருப்பிக் கேட்டால் பிளம்பர் வேறு வேலைக்குப் போய்விடுவார், மறுபடி எப்போது வருவாரோ.

அடுத்த மாசம் பண்ணிடலாம் என்று வேன்காரரிடம் சொன்னேன். சரி என்றார்.

ஜூன் 14, ஞாயிறு

இன்று அவளே கூப்பிட்டாள். ஆட்டம் கூடிவிட்டதாம். துணி மூட்டையோடு இறங்கும்போது பயமாக இருக்கிறதாம்.

நான் என்ன சொன்னேன்? "கொஞ்ச நாளைக்குப் பிடிக்காம ஏறி இறங்குங்க" என்றேன். சிரித்துக்கொண்டே வேறு.

இவர் போய்க் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்தார். பதினைந்து நாள் தாங்கும் என்றார்.

ஜூன் 26, வெள்ளி

எழுத வரவில்லை.

காலை பத்தரை இருக்கும். எமர்ஜென்சியிலிருந்து சாம்பிள் வந்தது. வாங்கி எண் போட்டேன். குழாயில் ஒட்டிய சீட்டில் அவள் பெயர். வயது முப்பத்தொன்று. ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். வேன்காரர் ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

கையில் அந்தக் குழாய் இன்னும் சூடாக இருந்தது.

கடைக்குக் கொடுக்க வேண்டிய துணி மூட்டையோடு இறங்கியிருக்கிறாள். மூன்றாவது படியிலேயே கால் இடறி, கை தானாகக் கம்பியைப் பிடித்திருக்கிறது. பிடிக்காம இறங்குன்னா எப்படி இறங்குவா? விழப்போற கை எதையாவது பிடிக்கத்தானே செய்யும்? கம்பி அவளோடேயே வந்துவிட்டது. இடுப்பெலும்பில் முறிவு. வலது கை இரண்டு இடத்தில்.

வலது கை.

ஜூன் 28, ஞாயிறு

வார்டுக்குப் போனேன். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாளா, என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லையா, தெரியவில்லை. வேன்காரர் வராந்தாவுக்கு என்னோடு வந்தார். சத்தம் போடுவார் என்று பார்த்தேன், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சன்னமாகக் கேட்டார்:

"ரெண்டு தடவை சொன்னோம்லக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை.

ஜூலை 1, புதன்

வேன்காரர் லேப் வாசலில் வந்து நின்றார். இந்த மாத வாடகை. கவரில் போட்டு, எப்போதும்போல ஒன்றாம் தேதி. மனைவி மேலே வார்டில் கிடக்கிறாள்.

வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 3, வெள்ளி

அண்ணன் தனக்குத் தெரிந்த வக்கீலிடம் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போய்விட்டது, என்னைக் கூப்பிட்டு வாக்குமூலம் வாங்குவார்கள் என்றார் வக்கீல். கம்பி ஆடுகிறது என்று எழுத்தில் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, போனில் சொன்னார்கள் என்றேன். "அப்ப சொல்லலைன்னு அர்த்தம்" என்றார். இவ்வளவு சுலபம்.

இன்ஷூரன்ஸ் பேப்பரைக் கொண்டுபோயிருந்தேன், லோன் போட்டபோது பேங்கில் எடுக்கச் சொன்னது. புரட்டிப் பார்த்தார். தீ பிடித்தால் கிடைக்கும், வெள்ளம் வந்தால் கிடைக்கும். வீட்டுக்கு ஏதாவது ஆனால்தான் காசு, வீட்டால் மனுஷருக்கு ஏதாவது ஆனால் இதில் இல்லை என்றார். கையெழுத்துப் போடும்போது நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. வாடகைக்கு வருகிறவர்களிடம் கேட்கப் பதினான்கு கேள்வி எழுதினேன், என்னை நானே கேட்டுக்கொள்ள ஒன்று எழுதவில்லை.

திரும்பும்போது அண்ணன் சொன்னான், "உனக்காக மட்டும் சொல்லலை. மாப்பிள்ளை கட்டின கம்பி அது. ரிட்டையர் ஆகப்போற நேரத்துல அவர் பேர்ல கேஸ் வந்தா பென்ஷனை நிறுத்தி வச்சிடுவாங்க. ஜாமீன் போட்டவன் நான் வேற இருக்கேன். யோசிச்சுப் பேசு."

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஜூலை 6, திங்கள்

சொல்லிவிட்டேன்.

"கம்பி பழுதுன்னு எனக்கு யாரும் சொல்லலை."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படித்துக் காட்டினார், கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து ரொம்ப அழகாக விழுந்திருந்தது.

ஜூலை 9, வியாழன்

வேன்காரரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். வக்கீல் போனில் சொன்னார், சந்தோஷமாக. வீட்டுக்காரம்மா தனக்குத் தெரியாது என்கிறார், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்களாம். அவர், "அக்கா சொன்னா சரிதாங்க" என்றாராம்.

நம்ம பக்கம் கேஸ் ரொம்ப ஸ்ட்ராங் ஆகிவிட்டது என்றார் வக்கீல்.

ஏன் அப்படிச் சொன்னார் அந்த மனுஷன்? எனக்குத் தெரியாதா? பெண்டாட்டி இடுப்பொடிந்து கிடக்கிறாள். பதினோரு மாத அக்ரிமென்ட். நான் காலி பண்ணு என்றால் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்? தட்டாமல் உள்ளே வந்த அந்த ஓனர் எவ்வளவோ தேவலை. அவர் எங்களைப் பொய்சொல்ல வைத்ததில்லை.

ஜூலை 14, செவ்வாய்

கையில் பிளேட் வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடிவிடும், நரம்புதான் சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் உணர்ச்சி இல்லையாம். ஊசி பிடிக்கிற இரண்டு விரல்.

லேபில் இன்று ஒரு கிழவருக்கு மூன்று தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை. சீனியர் என் கையிலிருந்து ஊசியை வாங்கிக்கொண்டார். "லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார். வீடு. எந்த வீட்டுக்கு?

ஜூலை 15

லீவு போட்டேன்.

ஜூலை 18, சனி

வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த இவரிடம் போய், ஸ்டேஷனுக்குப் போய் மாத்திச் சொல்லப்போறேன் என்றேன். சண்டை வரும் என்று நினைத்தேன். வந்தது. என் பென்ஷன் போகும், இருக்கிற ஒரு வீடும் போகும், நடுத்தெருவில் நிற்கப்போகிறோமா என்றார். வீடு வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னது யாரு என்றார். நான்தான் என்றேன். நான்தான், நான்தான், அதுக்கு இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க — கத்திவிட்டேன். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அவர் ரொம்ப நேரம் அதே ஒரு ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"டிப்போல பிரேக் சரியில்லைன்னு நான் வாயால சொன்னதை ஒருத்தன், சொல்லவே இல்லைன்னு சாதிச்சான். எட்டு வருஷம் ஆச்சு. இன்னும் அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்." நிறுத்தினார். "கம்பி கட்டினது நான்தான்னு அதையும் சேத்துச் சொல்லிடு."

ஜூலை 20, திங்கள்

சொன்னேன். மே இருபது, ஜூன் பதினாலு, இரண்டு தேதியையும். வெல்டர் வந்து பார்த்ததை, அடுத்த மாசம் என்று தள்ளிப்போட்டதை. பிடிக்காமல் இறங்குங்கள் என்று நான் சொன்னதையும்.

ஏட்டு இந்தத் தடவை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் வந்து, முதல்ல சொன்ன உண்மையை மாத்துவாங்க. நீங்க பொய்யை மாத்த வந்திருக்கீங்களேம்மா" என்றார். நக்கலா, மரியாதையா? என்னமோ. எழுதிக்கொண்டார். கட்டுக்கம்பியையும் எழுதிக்கொண்டார்.

வக்கீல் என் கேஸ் வேண்டாம் என்றுவிட்டார். அண்ணனுக்கு நானே போன் செய்து சொன்னேன். "என் தலையில கல்லைத் தூக்கிப் போட்டுட்டே" என்று வைத்துவிட்டான்.

மனம் லேசாகும் என்பார்களே. ஆகவில்லை. பயம்தான் ஆளே மாறி வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

புதிய வக்கீல் அம்மா ஒருவர் கிடைத்தார். அவர்கள் பக்கத்து வக்கீலோடு பேசிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும், அதற்குமேல் கைக்கு ஒரு தொகை. ஒரு கைக்கு எவ்வளவு என்று நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினோம்.

வீட்டை விற்றால்தான் முடியும். விற்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

படிக்குப் புதுக் கைப்பிடி போட்டாயிற்று. விற்கப்போகிற வீட்டுக்கு. வெல்டர் வேலையை முடித்துவிட்டு, நல்லா ஆட்டிப் பாருங்கம்மா என்றார். என்னால் அதைத் தொட முடியவில்லை.

செப்டம்பர் 13, ஞாயிறு

ஒருவர் வாங்க வந்திருக்கிறார். விலை பரவாயில்லை. ஆனால் ஆளைக் காலி செய்துவிட்டு வீட்டை ஒப்படைக்க வேண்டுமாம், இந்த மாதமே. இன்னும் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறாள், அவர்களாக வேறு இடம் பார்த்துப் போகிறவரை இருப்பார்கள் என்றேன். அப்படியென்றால் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். குறைத்துக்கொண்டேன். தரகர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

இனி பேங்க் லோனை அடைத்து, அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த வீட்டை வாங்க விற்ற என் வளையல் போனது போனதுதான். அண்ணன் தலைக்கு ஆபத்தில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். அவனுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை.

அக்டோபர் 25, ஞாயிறு

அவர்கள் அவளுடைய சின்னம்மா வீட்டுப் பக்கத்தில் இடம் பார்த்துவிட்டார்கள். சாவி வாங்கப் போனேன். முதல் நாளே போன் செய்துவிட்டுத்தான்.

வீட்டைத் துடைத்து வைத்திருந்தார்கள். மெஷின் இருந்த இடத்தில் தரையில் நான்கு தடம் மட்டும். அவள் வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில், யாரோ கொண்டுவந்து வைத்ததுபோல. மெஷினை விற்றுவிட்டார்களோ.

மன்னிச்சிடும்மா என்றேன். எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தது. வெளியே வந்தபோது ஒன்றுமே இல்லாத வார்த்தையாக இருந்தது.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"ஸ்டேஷன்ல மாத்திச் சொன்னீங்களாம். முதல்லயே சொல்லியிருக்கலாம். இவர் எனக்குத் தெரியாம அழுதுட்டிருந்தார்."

அவ்வளவுதான். சாவியை இடது கையால் நீட்டினாள். வேன்காரர் அவளை அப்படியே தூக்கிக்கொண்டு இறங்கினார். நான் மேலேயே நின்றேன். கடைசிப் படியைத் தாண்டுகிறவரை படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 3, செவ்வாய்

பத்திரம் முடிந்தது. கேஸில் எனக்கு அபராதம். இவருக்கு எச்சரிக்கை மட்டும், பென்ஷன் தப்பித்தது. கோர்ட்டிலிருந்து பஸ்ஸில் வந்தோம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து டிரைவரையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "கியர் போடத் தெரியலை அவனுக்கு" என்றார். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவராகப் பேசியது.

டிசம்பர் 10, வியாழன்

லேபில் கூட்டம். நாற்பத்தேழாம் டோக்கனைக் கூப்பிட்டேன், அவள் வந்தாள். கையில் உள்ள பிளேட்டை எடுக்கப்போகிறார்களாம், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. கைத்தடி வைத்துத் தானே நடந்து வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள். வேறு ஆள் எடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையை இல்லையென்று அசைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

இடது கையை நீட்டினாள். பட்டையைக் கட்டி, நரம்பைத் தொட்டுப் பார்த்துக் குத்தினேன். முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது.

ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தேன். எல்லோரிடமும் சொல்வதுபோல, அழுத்திப் பிடிச்சுக்கோங்க என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. எதால் பிடிப்பாள்? நானே கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

அப்புறம் அவள்தான் கேட்டாள், "இப்ப எங்கே இருக்கீங்க?"

"குவார்ட்டர்ஸ்லதான். மார்ச் வரைக்கும்."

"அப்புறம்?"

"வாடகைக்குத்தான் பாக்கணும்."

அவள் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ்வீடாப் பாருங்கக்கா" என்றாள்.

வரிசையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். சீனியர் எட்டிப் பார்த்தார். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன், அவளும் கையை எடுக்கவில்லை.